மூண்டாம் தட்டில ரெண்டு பிடி

பத்து மணிக்கு இன்னும் பதினெட்டு நிமிசம் கிடக்கு. ஸ்மோக்கோ எண்டு இவங்கள் சொல்லுற இந்தத் தேத்தண்ணி நேரம் மொத்தம் இருபது நிமிசம், அதில ரெண்டை நான் வாசலில நிண்டு சப்பாத்துச் சேத்தைத் தட்டுறதிலயே முடிச்சிட்டன். என்ன சேறு? மூண்டு கிழமையா ஒரு துளி மழையில்லை. உள்ளுக்கு வந்தால் டைனியின்ர முகத்தைப் பாக்க வேணும், அதுக்காக இல்லாத சேத்தைத் தட்டிக்கொண்டு நிண்டனான், வேறொண்டுமில்லை. இப்ப வந்து இருந்தாச்சு, அவனுக்கு நேர் முன்னால. தகரக் கொட்டில், நீட்டு மேசை ரெண்டு, கேத்தில், சீனி சிந்தி எறும்பு ஏறின மூலை, நாங்கள் ஆறு பேர். டைனி எண்டால் சின்னவன் எண்டு அர்த்தம், ஆள் நூத்திமுப்பது கிலோச் சமோவாக்காரன். சுவருக்குச் சாந்து பூசிற வேலை. பாணுக்குள்ள முட்டையை வைச்சு ஒரே கடியில பாதியை உள்ளுக்குத் தள்ளுறான். சாப்பிடு ராசா, சாப்பிடு. பத்து மணிக்கு நீ மூண்டாம் தட்டுக்கு ஏறப்போறாய், அங்க ரெண்டு பிடி இல்லை. பிடி எண்டு நான் சொல்லுறது கட்டடத்துச் சுவரையும் ஸ்கஃபோல்டையும் சேத்துப் பிடிக்கிற இரும்புக் கையை. ஊரில சாரம் எண்டால் இடுப்பில உடுக்கிறது, இஞ்ச பன்னிரண்டு வருசமா நான் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுறன், இரும்புக் குழாயும் பலகையும் வைச்சு. அந்தக் கை ரெண்டும் இல்லாட்டில் அந்தப் பக்கம் முழுக்கச் சும்மா நிக்குது. சும்மா எண்டால் சும்மா, தன்ர பாரத்தில தானே நிக்குது. தூசி பறக்காமல் இருக்கச் சுத்திக் கட்டின பச்சை வலை வேற, காத்தடிச்சால் அது பாய்மரம். காத்து வருது. ரேடியோவில இப்பதான் சொன்னவள், சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறாள் அந்த ரேடியோக்காரி, தெற்குக் காத்து ஜீலோங்கைத் தாண்டிட்டுதாம், பத்துக்கும் பத்தரைக்கும் இடையில மெல்பேர்ண் மேற்குப் புறத்தைப் பிடிக்குமாம், மணிக்கு எண்பது கிலோமீற்றராம்.

பதினாறு நிமிசம். சரி, யோசிப்பம், பதறாமல் யோசிப்பம். பிடியைக் கழட்டினது டாஸா. எங்கட ஸ்கஃபோல்ட் ஆக்களுக்குத் தலைவன். டரன் எண்டு பேர் வைச்சால் இந்த நாட்டில அது டாஸா ஆகிப்போம், ஆரையும் முழுப் பேரில விடமாட்டாங்கள், அதோட தலைகீழாயும் வைப்பாங்கள், செம்பட்டைத் தலையனை நீலம் எண்டு கூப்பிடுவாங்கள், மலை மாதிரி இருக்கிறவனைச் சின்னவன் எண்டுவாங்கள். என்னை ரொக்கெட். முதல் கிழமை ஒவ்வொரு ஆணியையும் ரெண்டு தரம் இறுக்கிப் பாத்துக்கொண்டு நத்தை வேலை செய்தனான், டாஸா கீழ நிண்டு 'கமோன் ரொக்கெட்' எண்டான், அண்டையோட புவிதரன் முடிஞ்சான். எங்கட ஊரில ரொக்கெட் எண்டால் கூரையில வந்து விழுறது எண்டு உவனுக்கு எங்க தெரியும், நான் வீட்டில போய் மனுசிக்குச் சொல்ல அவள் கையிலிருந்த கோப்பையை வைச்சிட்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டவள். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பேரில ஒரு பெருமை. பேர் வைச்சாங்கள் எண்டால் சேத்துக்கொண்டாங்கள் எண்டு அர்த்தம். விசா இல்லாமல், வேலை செய்யலாமோ கூடாதோ எண்டு தெரியாமல் நான் அலைஞ்ச காலத்தில என்னைத் தன்ர யூட்டில, பின்பக்கம் திறந்த அந்தச் சாமான் வண்டியில, ஏத்திக்கொண்டு திரிஞ்சவன் டாஸா. ஆள் எப்பிடி? முன்னால ஒட்ட வெட்டி, பின்னால பிடரியில தொங்குற மயிர். கையில்லாத நீல பெனியன். பிள்ளையளின்ர பேரைக் கழுத்தில பச்சை குத்தியிருக்கிறான். யூட்டின்ர பின் கண்ணாடியில கொடி. பின்னேரம் மூண்டரைக்கு முதல் போத்தில் உடையும், சனிக்கிழமை குதிரை ஓடும். போகன். எங்கட தமிழ்ச் சனம் பிறந்தநாள் வீடுகளில கோழிக்கால் கடிச்சுக்கொண்டு கதைக்கிற போகன் இவன்தான், கணக்காளர், டொக்டர், ஐடிக்காரர், எல்லாரும் ஒரே சொல்லு: அந்த ஏரியாவில வீடு வாங்காதையுங்கோ, ஒரே போகன் சனம். போகன் எண்டால் படிப்பில்லாதவன், பியர் வண்டியன், எதையும் அரையும் குறையுமாச் செய்துபோட்டு 'ஷீல் பி ரைட்' எண்டு, எல்லாம் சரிவரும் எண்டு, தூசியைத் தட்டிவிட்டுப் போறவன். டாஸாவும் தன்னைத் தானே போகன் எண்டுதான் சொல்லுவான், நெஞ்சில தட்டி. நான் அந்தப் பிறந்தநாள் வீடுகளில அவனுக்காகக் கதைச்சிருக்கிறன். இல்லை அண்ணை, என்ர ஃபோர்மன் அப்பிடியில்லை, தங்கமான மனிசன். கதைச்சன், ஆனால் மனதுக்குள்ள? மனதுக்குள்ள நானும் ஆமோதிச்சுக்கொண்டுதான் இருந்தனான். சொல்ல வெக்கமாயிருக்கு.

பதினாலு. டைனி ரெண்டாவது பாணைப் பிரிக்கிறான். காலமை ஏழரைக்கு ஜன்னல்காரர் வந்தாங்கள், பெரிய சட்டம், உள்ளுக்கு ஏத்த இடமில்லை, அந்த ரெண்டு பிடியும் குறுக்க. டாஸா ஏறிக் கழட்டினான். நான் கீழ்த் தட்டில நிண்டு வாங்கி வாளிக்குள்ள போட்டன். என்ர வாளி. இப்பவும் அதுக்குள்ளதான் கிடக்கு, கொட்டிலுக்கு வெளியில, பலகைக் கட்டுக்குப் பக்கத்தில. சட்டம் போட்டு முடிஞ்சவுடன திருப்பிப் பூட்ட வேணும், அதுதான் முறை, பழைய துளை சட்டத்துக்குள்ள போய்ட்டுது, ஒரு முழம் தள்ளிப் புதுத் துளை போட வேணும், பதினைஞ்சு நிமிச வேலை. ஜன்னல்காரர் எட்டேகாலுக்குப் போய்ட்டாங்கள். டாஸா போனில ஆரோடயோ கத்திக்கொண்டு நிண்டான், பிறகு மற்றப் பக்கம் போனான், பிறகு யூட்டை எடுத்துக்கொண்டு யார்டுக்குச் சாமான் ஏத்தப் போய்ட்டான். துளை போடுற மெசினும் யூட்டோட போய்ட்டுது. ஏணியடியில பச்சை அட்டை அப்பிடியே தொங்குது, ஏறலாம் எண்டு. அதைக் கழட்டிச் சிவப்பு அட்டையைக் கொழுவலாம் நான். கொழுவினால் ஆர் கொழுவினது எண்டு கேள்வி வரும். டாஸாவுக்கு இந்த வருசம் எழுத்தில ரெண்டு எச்சரிக்கை வந்திட்டுது, மூண்டாவது வந்தால் லைசென்ஸ் போம். நாப்பத்தெட்டு வயசில லைசென்ஸ் இல்லாத ஸ்கஃபோல்டர் என்ன செய்வான்? மூண்டு பிள்ளையள், மனுசி விட்டிட்டுப் போய்ட்டாள். நான் அவனுக்குச் சொன்னனான். எட்டேகாலுக்கே சொன்னனான், டாஸா, அந்தப் பிடி ரெண்டும் எண்டு. அவன் ஷீல் பி ரைட் எண்டான். அப்பிடித்தான் சொன்னவன். சொன்னவன்தானே? சொல்லியிருப்பான். வேற என்ன சொல்லப்போறான் உவன், உதுதானே உவங்கட வேதம். வேணுமெண்டுதான் விட்டிட்டுப் போனான், மத்தியானம் பூட்டலாம் எண்டு, இல்லாட்டி நாளைக்கு, இல்லாட்டி சாந்து பூசி முடிஞ்சு ஸ்கஃபோல்டே கழட்டத்தானே போறம், எதுக்கு எண்டு.

பதினொண்டு. கதவால பாத்தால் முற்றத்துக்கு அங்கால மற்றக் கொட்டில், ஏசி போட்டது, வெள்ளைக் கதவு, அதுக்குள்ளதான் நிவேதிதா இருக்கிறா. பாதுகாப்பு அதிகாரி. கோயம்புத்தூர்ப் பிள்ளை, எஞ்சினியர், முப்பது வயசுகூட வராது. போன கிழமைதான் இந்தச் சைற்றுக்கு வந்தவ, வெள்ளைத் தொப்பியில பேர் எழுதியிருக்கு. காலமை என்னைக் கண்டவுடன முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணா, நீங்க தமிழா? சொல்லவே இல்லையே! எந்த ஊருண்ணா?" எண்டா. யாழ்ப்பாணம் எண்டன். "ஐயோ, உங்க தமிழ் கேக்கவே எவ்ளோ நல்லா இருக்கு" எண்டா, எல்லாரும் சொல்லுறதுதான். அதோட விட்டிருக்கலாம். கிட்ட வந்து, குரலைத் தணிச்சு, தணிக்க என்ன இருக்கு தமிழில, "அண்ணா, இந்த போகன் பசங்கள நான் நம்பவே மாட்டேன். எதாச்சும் மூடி மறைச்சாங்கன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நம்ம பாஷையில பேசினா யாருக்கும் புரியாது பாருங்க" எண்டா. நான் சிரிச்சன். சிரிக்கிறதைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும். அவ போன பிறகு திரும்பினன், டைனியும் மற்ற நாலு பேரும் எங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டாங்கள். ஒருத்தனும் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் ஆறுதலா இருந்திருக்கும். நாப்பது அடி இருக்கும் அந்தக் கதவுக்கு. எழும்பி நடந்தால் அரை நிமிசம். நடந்தால் நான் டொபர். போகன் எண்டு சொன்னால் சிரிப்பாங்கள், ராஸ்கல் எண்டு சொன்னால் தோளில தட்டுவாங்கள், எந்தக் கெட்ட வார்த்தையையும் இந்த மேசையில சொல்லலாம், டொபர் எண்ட ஒண்டை மட்டும் பகிடிக்கும் சொல்ல மாட்டாங்கள். கூட வேலை செய்யிறவனை மேலிடத்துக்குக் காட்டிக் குடுக்கிறவன். அப்பிடி ஒருத்தன் இருந்தவன், க்ரெக் எண்டு, மூண்டு வருசத்துக்கு முதல், பழைய சைற்றில. ஆரும் அவனை அடிக்கேல்லை. ஆரும் அவனோட கதைக்கேல்லை, அவ்வளவுதான். அவன் வந்து இருந்தால் மேசை எழும்பிப் போம். ஒரு மாசத்தில ஆள் தானாப் போய்ட்டான், தன்ர கேத்திலை மறந்து விட்டிட்டு. அந்தக் கேத்தில்தான் இது.

காத்து இன்னும் வடக்கிலதான் நிக்குது, சூடு, பலகையில கை வைக்க ஏலாது, முற்றத்தில ஒரு சிமெந்துப் பை தாள் உருண்டு போகுது. கொஞ்சம் நிக்குது. பிறகும் போகுது. எங்கட வீதியும் இப்பிடித்தான் இருந்தது அண்டைக்கு, வெய்யில், தூசி, ஒரு சத்தமில்லை. ஐயாவுக்குச் சைக்கிள் கடை, மதகுக்குக் கிட்ட. காலமை கடை திறக்கப் போனவர் மதகடியில மண் கிளறியிருக்கிறதைக் கண்டார். வயரையும் கண்டார், கண்ணிவெடி. ஆர் வைச்சது, ஆருக்கு வைச்சது எண்டு அந்தக் காலத்தில ஒரு குழந்தைக்கும் தெரியும், அவர் கடையைத் திறக்காமல், பேசாமல் வீட்டுக்கு வந்திருக்கலாம், வந்துகொண்டுதான் இருந்தவர். ஏழேமுக்கால் மினிபஸ் வந்திட்டுது. சந்தைக்குப் போற சனம், வேலைக்குப் போற சனம், பள்ளிக்கூடப் பிள்ளையள். ஐயா நடு வீதியில நிண்டு கையை விரிச்சு மறிச்சு, ட்ரைவரிட்ட ஒரே ஒரு சொல்லுத்தான் சொன்னவர், இதால போகாதை, வயல் வழியாப் போ எண்டு. அவன் ஏன் எண்டுகூடக் கேக்கேல்லை, பஸ்ஸைத் திருப்பினான். பின்னால வந்த ஆமி ட்ரக் பஸ் திரும்புறதைக் கண்டுது. பிறகென்ன, இறங்கித் தேடினாங்கள், வெடியை எடுத்தாங்கள். ஐயா ஆமிக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை. ஒரு வார்த்தை. மூண்டாம் நாள் காலமை சுட்டுச் சந்தி விளக்குக் கம்பத்தில கட்டிக் கிடந்தார், கழுத்தில மட்டையில எழுதித் தொங்கவிட்டிருந்தாங்கள். நல்ல வடிவான எழுத்து. எங்கட பள்ளிக்கூடத்தில படிச்சவன் ஆரோ எழுதினதுதான், அந்த வளைவு அந்த வாத்தியாரிட்ட மட்டும்தான் வரும். துரோகி எண்டு. பஸ்ஸில இருபத்தெட்டுச் சனம் இருந்தது. செத்த வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை. ட்ரைவரும் வரேல்லை. அம்மா வாசலைப் பாத்துக்கொண்டே இருந்தவ, பின்னேரம் வரைக்கும். எனக்கு வந்த கோவம் சுட்டவங்களில இல்லை, அந்த இருபத்தெட்டுப் பேரிலும் இல்லை, ஐயாவிலதான். ஏன் வாய் திறந்தனீங்கள், உங்களுக்கென்ன வந்தது, கடையைத் திறந்து ட்யூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு இருந்திருக்க வேண்டியதுதானே. முப்பத்தைஞ்சு வருசம் அந்தக் கோவத்தை வைச்சுக்கொண்டு இருக்கிறன். இருபத்தெட்டுப் பேர் எங்கயோ உயிரோட இருப்பினம், பேரப்பிள்ளையள் கண்டிருப்பினம், அதையும் யோசிக்கிறதுதான். யோசிச்சாலும் கோவம் போகுதில்லை.

அப்ப டைனியிட்ட மட்டும் சொல்லலாம், ஏறாதை எண்டு. ஐயா செய்ததும் அதைத்தானே. ஏறாதை எண்டால் டைனி ஏன் எண்டுவான், அவன் ட்ரைவர் மாதிரிப் பேசாமல் திரும்பிற ஆளில்லை, ஏன் எண்டு சத்தமாக் கேப்பான், அவனுக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது. மற்ற நாலு பேரும் திரும்புவாங்கள். ஒருத்தன் வேலை செய்யாமல் நிண்டால் மற்றவனுக்கு ஏனெண்டு தெரியும், மற்றவனுக்குத் தெரிஞ்சால் வெள்ளைக் கதவுக்குத் தெரியும், பிறகு டாஸாவின்ர லைசென்ஸ். காலமை நிவேதிதாவோட தமிழில குசுகுசுத்தவன் ஆர்? ரொக்கெட். போச்சு. ஏழு நிமிசம். டாஸாவுக்குப் போன் அடி. அடி மடையா, அதுதானே நேர் வழி. போனை எடுத்தன், பேர் கிடக்கு, விரலை மேல வைச்சுக்கொண்டு இருக்கிறன். என்னெண்டு சொல்லுறது? பயப்பிடுறாய் எண்டுவான். சூக் எண்டுவான், அழுமூஞ்சி. அதுகூடப் பரவாயில்லை. நான் சொன்னால் எனக்குத் தெரியும் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிடும். பிறகு ஆராவது எப்பிடியாவது அவனைப் பிடிச்சால், அவன் முதல் யோசிக்கிறது என்னைத்தான். தெரிஞ்சவன் ஆர் எண்டுதான் முதல் தேடுவாங்கள், எல்லா இடத்திலும். ஆனால் இதென்ன விசர்க் கதை, காலமை நான் அவனுக்குச் சொன்னனான் எண்டெல்லோ சொன்னனான், அப்ப அவனுக்குத் தெரியும்தானே எனக்குத் தெரியுமெண்டு. சொன்னனானா? பொறு. எட்டேகால். அவன் போனைக் காதில வைச்சுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். நான் வாளியைத் தூக்கிக் காட்டினன். காட்டினனானா, தூக்கினதுதான். அவன் போனைக் கையால பொத்தி, என்ன ரொக்கெட் எண்டு கேட்டான். நான் வாயைத் திறந்தன். நோ வொறிஸ் எண்டன். ஒண்டுமில்லை மேட், நோ வொறிஸ். அவன் கட்டைவிரலைக் காட்டிப்போட்டுப் போய்ட்டான். ஷீல் பி ரைட் எண்டு அவன் சொல்லவேயில்லை. இவ்வளவு நேரமும் அதை அவன்ர வாயில வைச்சது நான். சீ. என்ன மனிசன் நான். நாலு நிமிசம். போன் இருட்டாப் போச்சு, பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டன்.

ரேடியோக்காரி லாவேர்ட்டன் எண்டுறாள். காத்து லாவேர்ட்டனில. அது இஞ்ச இருந்து பத்து நிமிசக் கார் ஓட்டம். மேசையில ஆரும் கதைக்கேல்லை, இப்பதான் கவனிக்கிறன், இண்டைக்கு ஸ்மோக்கோ தொடங்கினதில இருந்து ஒருத்தன்கூடப் பகிடி விடேல்லை. ஃபுட்போல் கதையில்லை. எல்லாரும் போனைப் பாக்கினம், ஒருத்தரின்ர விரலும் அசையேல்லை. டைனி பாண் சுத்தின தாளை நாலா மடிச்சு, எட்டா மடிச்சு, பிறகும் விரிச்சு மடிக்கிறான். அவனுக்கு நாலாவது பிள்ளை வாற மாசம். போன கிழமை ஸ்கான் படத்தைக் காட்டினவன், தலை எது கால் எது எண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை, எல்லாரும் வடிவு எண்டம். பத்து மணி. ஆரும் மணி அடிக்கிறதில்லை, தானா எழும்புறதுதான். டைனி கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான், தொப்பியை எடுத்தான். என்ர கை மேசையில அடிச்சுது, நான் அடிக்கேல்லை, அது தானா அடிச்சுது. "ஏறாதை, டைனி" எண்டன். "மூண்டாம் தட்டில ரெண்டு பிடி இல்லை. காத்து வருது."

ஒருத்தரும் திரும்பேல்லை. அதுதான் முதல் விளங்கேல்லை எனக்கு, திரும்பிப் பாக்க வேணுமே. டைனி தொப்பியைத் திரும்ப மேசையில வைச்சான், கதிரையில இருந்தான். "தெரியும், ரொக்கெட். அந்த ரெண்டும் உன்ர வாளிக்குள்ள கிடக்கு. எட்டரையில இருந்து எங்களுக்குத் தெரியும்."

"அப்ப ஏன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்கள்? ஏறப் போனியே நீ!"

"ஆர் ஏறப் போனது? உனக்கென்ன விசரே. கக்கூசுக்குப் போறன் எண்டு இன்னும் கால் மணித்தியாலம் கடத்தியிருப்பன்." கேத்திலை எடுத்து ஆட்டிப் பாத்தான், தண்ணி இருக்கோ எண்டு. "நீ போய் அந்தப் பெட்டையிட்டச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தம். எட்டரையில இருந்து பாக்கிறம். நீங்கள் ரெண்டு பேரும் உங்கட பாஷையில கதைக்கிறனீங்கள்தானே. எங்களில ஒருத்தன் அந்தக் கதவுக்குப் போனால் அவன் டொபர். நீ போனால்..." தோளைக் குலுக்கினான். "நீ போனால் அது வேற, மேட். ஆரும் ஒண்டும் நினைக்க மாட்டாங்கள்."

ஆரும் ஒண்டும் நினைக்க மாட்டாங்கள். அவன் கெட்ட எண்ணத்தில சொல்லேல்லை, முகத்தைப் பாத்தால் தெரியுது, எனக்கு ஏதோ நன்மை செய்யிற மாதிரித்தான் சொன்னவன். மற்ற நாலு பேரும் தலையை ஆட்டினாங்கள். பன்னிரண்டு வருசம். பன்னிரண்டு வருசமா நான் ஆரெண்டு நினைச்சுக்கொண்டு இந்த மேசையில இருந்தனான்? எனக்கு அழுகை வந்தது, சத்தியமா வந்தது, நாப்பத்தாறு வயசு ஆம்பிளை, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிச்சுக்கொண்டு. எழும்பினன். வெளியில வந்தால் வெய்யில் மஞ்சளாப் போய் கிடக்கு, மேற்கால வானம் கறுத்திட்டுது, காத்து ஒரேயடியா நிண்டு போச்சு. ஒரு இலை ஆடேல்லை. நாப்பது அடி நடந்தன். பாதி வழியில கேற் திறக்கிற சத்தம், டாஸாவின்ர யூட். எனக்குப் பக்கத்தில கொண்டுவந்து நிப்பாட்டி, ஜன்னலால கையை நீட்டினான், கையில ஒரு கடதாசிப் பை, எண்ணெய் ஊறினது. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, ரொக்கெட். கீரையும் சீசும் வைச்ச ரோல். கடைக்காரியிட்ட மூண்டு தரம் கேட்டனான் இறைச்சி இல்லையெண்டு."

அதே நேரம் வெள்ளைக் கதவு திறந்தது. நிவேதிதா வாசலில நிண்டு, எங்களைப் பாத்து, "சொல்லுங்கண்ணா, எதாச்சும் சொல்லணுமா?" எண்டா, தமிழில, டாஸா பக்கம் கண்ணைக் காட்டி. தமிழில சொல்லியிருக்கலாம். ஆருக்கும் விளங்கியிருக்காது. கொட்டில் வாசலில அஞ்சு பேரும் வந்து நிக்கினம். நான் இங்கிலீசில சொன்னன், எல்லாருக்கும் கேக்கத்தக்கதா, என்ர வாழ்க்கையில நான் அவ்வளவு சத்தமாக் கதைச்சதில்லை: மூண்டாம் தட்டில ரெண்டு பிடி இல்லை, காலமை கழட்டினது, திரும்பப் பூட்டேல்லை, நான் பாத்தனான், பிடி ரெண்டும் என்ர வாளிக்குள்ள கிடக்கு.

முதல் காத்து அப்பதான் வந்து அடிச்சது. பச்சை வலை ஒரு பக்கமா ஊதி எழும்ப, மேல இருந்து இரும்பு முனகிற சத்தம் கேட்டுது, நீட்டுக்கு, பலகை ஒண்டு கழண்டு கீழ விழுந்தது, ஆளில்லாத இடத்தில. டாஸா யூட்டை விட்டு இறங்கி அண்ணாந்து பாத்தான். "ஐயோ கடவுளே" எண்டான், தன்ர பாஷையில. "மறந்திட்டன். என்ர சின்ன மகளின்ர பள்ளிக்கூடத்தில இருந்து போன் வந்தது, அவள் மதில் ஏறி ஓடிட்டாள் எண்டு... அதோட மறந்தே போனன்." நிவேதிதா போனை எடுத்துக் காதில வைச்சுக்கொண்டு முற்றத்தில இருந்து எல்லாரையும் பின்னுக்குப் போகச் சொல்லிக் கத்துறா, மூண்டாவது எச்சரிக்கை எண்டு ஆருக்கோ சொல்லுறதும் கேக்குது. டாஸா அதைக் கேக்கேல்லை. என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டான்.

"என்ன ரொக்கெட் எண்டு நான் உன்னைக் கேட்டனானெல்லே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கயே பூட்டியிருப்பனே. நான் தெரிஞ்சுகொண்டே விட்டிட்டுப் போவன் எண்டே நினைச்சனி? என்னை எப்பிடிப்பட்ட ஆளெண்டு நினைச்சனி, மேட்?"

நான் அவனை எப்பிடிப்பட்ட ஆளெண்டு நினைச்சனான் எண்டு எனக்குத் தெரியும். அதுக்கு ஒரு சொல்லும் இருக்கு, அந்தப் பிறந்தநாள் வீடுகளில சொல்லுறது. அவன்ர முகத்தைப் பாத்துக்கொண்டு அதைச் சொல்ல ஏலாமல், அவன் நீட்டின பையை வாங்கிக்கொண்டு நிண்டன்.